ஒரு வாய்தா, இரண்டு வேலை: குழித்துறைப் பாகவழக்கு ஒன்றின் நாள் கணக்கு

வழக்குக்கு நம்பர் விழுந்து மூன்று ஆண்டு. முப்பது வாய்தா போய்விட்டது. எழுவினா, அதாவது கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகள், இன்னும் வரையவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை கோர்ட் வளாகத்தில் இப்படி ஒரு வழக்குக் கட்டைப் பிரித்தால் யாரும் வியக்க மாட்டார்கள். பாகவழக்கு (குடும்பச் சொத்தைப் பங்கிடும் வழக்கு) என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுப்பார்கள். அந்த ‘அப்படித்தான்’ எதனால் ஆனது என்று ஒவ்வொரு வாய்தாவாகப் பிரித்துப் பார்க்கிறது இந்த ஆய்வு.

இங்கே வரும் வழக்கு எந்த ஒரு கட்சிக்காரருடையதும் அல்ல. விளவங்கோடு தாலுகாவிலும் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் சொத்துள்ள குடும்பங்களின் வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மாதிரி. வாய்தா எண்ணிக்கை அந்த மாதிரிக்கு உரியது. சட்டமும் தீர்ப்புகளும் உள்ளபடியே.

குடும்பம் இப்படி. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தார். சொத்து அவருடைய சுய சம்பாத்தியம். மூத்த மகள் வாதி. தாயார் முதல் பிரதிவாதி. ஊரில் சொத்தைக் கையில் வைத்திருக்கும் மகன் இரண்டாவது. ஷார்ஜாவில் வேலை செய்யும் மகன் மூன்றாவது. நெய்யாற்றின்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்த இளைய மகள் நான்காவது. தகப்பனாருக்கு முன்பே இறந்துபோன மகனின் மனைவி ஐந்தாவது. அவருடைய இரண்டு மைனர் பிள்ளைகள் ஆறும் ஏழும். சொத்து மூன்று அயிட்டம்: விளவங்கோட்டில் 62 சென்ட் தென்னையும் ரப்பரும், 11 சென்டில் வீடு, கேரளத்தில் 40 சென்ட் ரப்பர் விளை.

கேரளத்துச் சொத்துக்குத் தனி வழக்கு வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 17-ன்படி, வெவ்வேறு கோர்ட் எல்லைகளில் சொத்து இருந்தால் அவற்றில் ஒரு கோர்ட்டிலேயே முழு வழக்கையும் போடலாம். அந்த கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று எதிர்த்தரப்பு சொல்வதானால் பிரிவு 21-ன்படி முதல் வாய்ப்பிலேயே சொல்லியாக வேண்டும். மூன்று வருஷம் கழித்து அதைக் கிளப்பி ஒரு ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடைக்கால மனு) போட்டால் அது நாளைத் தின்னும் வேலை.

முப்பது வாய்தாவின் கணக்கு: சம்மன் சார்வுக்கு (சம்மனை உரியவர் கையில் சேர்ப்பதற்கு) 11, மைனர் கார்டியன் நியமனத்துக்கு 3, ஐ.ஏ.க்களில் கவுண்டருக்கும் (எதிர்த்தரப்பின் பதில்) என்கொயரிக்கும் 6, கமிஷனருக்கு (சொத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிப்பவர்) 5, தாயார் இறந்தபின் சட்டவாரிசு விஷயத்துக்கு 3, நீதிபதி விடுப்பும் வக்கீல்கள் பணிப்புறக்கணிப்புமாக 2. மற்றொரு கட்டில் இந்த விகிதம் வேறாக இருக்கும். ஆனால் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். வழக்கின் அடையாளமான 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் தட்டினால் ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகப் போடப்பட்டது, அன்று என்ன நடந்தது என்று வரிசையாக வரும். அதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ‘அன்று எந்தக் காகிதம் இல்லாததால் தள்ளிப்போனது’ என்று ஒரே ஒரு வரி எழுதவேண்டும். பத்துத் தேதி எழுதுவதற்குள் நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

பதினொரு வாய்தா தின்ற சம்மன்

நாலாவது பிரதிவாதியின் விலாசம் வழக்குரையில் தமிழ்நாட்டுப் பாணியில் கதவு எண், தெரு, ஊர் என்று எழுதப்பட்டிருந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் தெருப் பெயரை வைத்து வீடு தேட முடியாது. வீட்டுப் பெயர், தபால் ஆபீஸ், பஞ்சாயத்து வார்டு, வில்லேஜ், பின்கோடு இவ்வளவும் வேண்டும். வீட்டுப் பெயர் இல்லாத சம்மன் ‘இப்படி ஒரு ஆள் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பும். விளவங்கோட்டிலேயே பாதிப் பேர் வீட்டுப் பெயரால்தான் அறியப்படுகிறார்கள். அப்படியிருந்தும் வழக்குரை டைப் ஆகும்போது அது விழுந்துவிடுகிறது. கட்சிக்காரரிடம் தங்கச்சி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ ரேஷன் கார்டு நகலோ ஒன்று கேட்டு வாங்கினால் தீர்கிற காரியம்.

அடுத்தது வழி. வெளி எல்லையில் உள்ளவருக்குச் சம்மனை நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து அவர்களுடைய ஊழியர் வழியாகச் சார்வு செய்வது பழைய வழி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5 விதி 21-ம் பிரிவு 28-ம் அதைச் சொல்கின்றன. இதில் மாட்டும் இடம் மொழி. அங்குள்ள ஊழியரின் அறிக்கை மலையாளத்தில் வரும். பிரிவு 28 உட்பிரிவு 3-ன்படி அதனுடன் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு ஒன்று வரவேண்டும். அது வராவிட்டால் இங்கே அதை வாசித்து ‘சார்வு போதுமானது’ என்று பதிய ஒரு வாய்தா, மொழிபெயர்ப்புக்கு இன்னொரு வாய்தா. இந்தத் தாலுகாவில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசிக்கத் தெரிவது ரிக்கார்டு ஆகாது.

மற்ற வழி கட்டளை 5 விதி 9. ஒப்புகையோடு கூடிய தபால், அங்கீகரித்த கூரியர், மின்னஞ்சல் எல்லாம் அதில் உண்டு. அதன் உபவிதி 4 பலர் கண்ணில் படுவதில்லை. வெளி எல்லையில் உள்ள பிரதிவாதிக்கு, ஒப்புகைப் பதிவுத் தபால் தவிர்த்த பிற முறைகளில் சார்வு செய்ய கோர்ட் உத்தரவிட்டால், விதி 21-ன் சுற்றுவழி பொருந்தாது. ஆகவே முதல் நாளிலேயே ஒரு மெமோ போட்டு, கோர்ட் வழி, கூரியர் வழி, விதி 9-அ-ன்படி வாதியே கொண்டுபோய்க் கொடுக்கும் வழி மூன்றையும் ஒரே சமயத்தில் கேட்டுவிட வேண்டும். ஒன்று தோற்ற பிறகு அடுத்ததைக் கேட்பது ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் கொடுப்பது போல.

விடுமுறைக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை மே மாதம். கேரளத்தில் ஏப்ரல் நடுவிலேயே தொடங்கிவிடும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பிய சம்மன், அங்கே திறக்கும்போது இங்கே பூட்டியிருப்பதால், ஜூனில்தான் கட்டுக்கு வரும். ஓணத்துக்கும் இப்படியே. எல்லை தாண்டும் சம்மனுக்கு பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) பிப்ரவரிக்குள் கட்டியாக வேண்டும்.

சார்வு ஆகாமல் திரும்பினால் ஏழு நாளுக்குள் மறு சம்மனுக்கு மனுச் செய்ய வேண்டும், தவறினால், தக்க காரணம் காட்டாதவரை, அந்தப் பிரதிவாதியைப் பொறுத்து வழக்கைத் தள்ள வேண்டும் என்கிறது கட்டளை 9 விதி 5. வழக்கத்தில் அடுத்த வாய்தாவில் ‘பேட்டா கட்டவில்லை, கட்ட அவகாசம்’ என்று ஒரு நாள், கட்டிய பிறகு ‘சம்மன் எழுதவில்லை’ என்று ஒரு நாள் போகும். குமாஸ்தா வாரம் ஒருமுறை நாசர் பிரிவுக்கு (சம்மன் போய்வருவதைக் கவனிக்கும் கோர்ட் பிரிவு) போய் ரிட்டர்ன் வந்ததா என்று பார்த்தால் இரண்டும் மிச்சம்.

ஷார்ஜாக்காரர் விஷயம் தனி. அங்கே விலாசம் என்பது பெரும்பாலும் கம்பெனியின் தபால் பெட்டி எண். கம்பெனி மாறினால் பெட்டியும் போச்சு. கட்டளை 5 விதி 25 வெளிநாட்டில் இருப்பவருக்குத் தபால், கூரியர், மின்னஞ்சல் வழி அனுப்ப இடம் தருகிறது. அவர் உண்மையில் பயன்படுத்தும் மின்னஞ்சலை அபிடவிட்டில் (உறுதிமொழிப் பத்திரத்தில்) ஆதாரத்தோடு காட்டவேண்டும். பழைய பணப்பரிமாற்ற ரசீது, குடும்பத்துக்குள் போன கடிதம் எதுவானாலும் சரி. அவர் ஊரில் யாருக்காவது பவர் கொடுத்தால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. துபாய் துணைத்தூதரகத்தில் கையெழுத்தான பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டம் பிரிவு 18. அதை மறந்து நேரே கட்டில் சேர்த்தால், ஆட்சேபம் எழுந்து பத்திரம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கும்.

பத்திரிகை விளம்பரம் என்று வந்தால் எந்தப் பத்திரிகை என்பது முக்கியம். பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்த வட்டாரத்தில் புழங்கும் தினசரியில் வரவேண்டும் என்பது கட்டளை 5 விதி 20. நெய்யாற்றின்கரைக்காரிக்கு நாகர்கோவில் பதிப்புத் தமிழ்த் தினசரியில் விளம்பரம் போட்டு எக்ஸ்பார்ட்டி ஆக்கினால் (அவர் வராமலே தீர்ப்பு வாங்கினால்), தகவல் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் கட்டளை 9 விதி 13-ல் வந்து நிற்பார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அவசர எக்ஸ்பார்ட்டியைப் போல மெதுவான வழி சிவில் கோர்ட்டில் வேறு இல்லை.

சம்மனில் விழுந்த பெரிய ஓட்டை இன்னொன்று. இரண்டாவது பிரதிவாதிக்கு முதல் வாய்தாவிலேயே சார்வு ஆகிவிட்டது. எதிருரைக்கு 30 நாள், காரணம் எழுதி நீட்டினால் 90 நாள் என்பது கட்டளை 8 விதி 1. ஆனால் ‘எல்லோருக்கும் சார்வு ஆகட்டும்’ என்ற வழக்கத்தில் அவரிடம் யாரும் எதிருரை கேட்கவில்லை. கால வரம்பு ஒவ்வொரு பிரதிவாதிக்கும் தனித்தனியே ஓடுகிறது. 90 நாள் என்பது கட்டாயமல்ல, வழிகாட்டுதலே என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் கைலாஷ் வழக்கிலும் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கிலும் சொன்னது உண்மை. அது தானாகக் கிடைக்கும் சலுகை அல்ல. காரணம் காட்டிக் கேட்டு வாங்க வேண்டியது. கட்டின் மேலட்டையில் ஏழு கோடு போட்டு, ஒவ்வொரு பிரதிவாதிக்கும் சார்வு தேதி, 30-ம் நாள், 90-ம் நாள் மூன்றையும் எழுதிவைத்தால், ஷார்ஜாவுக்கு சம்மன் போய்க்கொண்டிருக்கும்போதே ஊரில் இருப்பவரின் எதிருரை கட்டுக்கு வந்துவிடும். இது ஒன்றே இந்த மாதிரியில் ஒரு வருஷத்துக்குமேல் மிச்சப்படுத்துகிறது.

ஐ.ஏ. வழக்கை நிறுத்தக் கூடாது

ரப்பர் மரம் வெட்டக்கூடாது என்று வாதி இடைக்காலத் தடை கேட்டார். ஒருதலையாகத் தடை கிடைத்தது. தடை கிடைத்ததும் அவசரம் போய்விட்டது. கவுண்டருக்கு வாய்தா, பதில் கவுண்டருக்கு வாய்தா, ‘பேச்சுவார்த்தை நடக்கிறது’ என்று ஒரு வாய்தா. அந்தக் காலம் முழுவதும் மூல வழக்கு, ‘ஐ.ஏ. முடியட்டும்’ என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கட்டளை 39 விதி 3-அ, ஒருதலைத் தடையை 30 நாளுக்குள் முடிவுசெய்ய முயலவேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுதவேண்டும் என்கிறது. அப்படி முடிக்காதபோது பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு போகலாம் என்று வெங்கடசுப்பையா நாயுடு எதிர் செல்லப்பன் வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தடை வாங்கியவர் பக்கமும் ஒரு கடமை உண்டு: உத்தரவு ஆனவுடன் மனு, அபிடவிட், வழக்குரை, ஆவணங்களின் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அதே நாளோ மறுநாளோ அனுப்பியதாக அபிடவிட் போடவேண்டும். மூன்றாம் நாள் போட்டால் தடையை நீக்கக் கேட்க அதுவே ஒரு காரணமாகி, அதற்கு ஒரு ஐ.ஏ., அந்த ஐ.ஏ.வுக்கு ஒரு கவுண்டர்.

இங்கே பலன் தரும் பழக்கங்கள் சில. எல்லா ஐ.ஏ.வும் மூல வழக்கின் தேதிக்கே போடப்பட வேண்டும். வேறு தேதி கேட்கவே கூடாது. பிரதிவாதி எதிருரையையே கவுண்டராக ஏற்க ஒரு வரி மெமோ போடலாம், தனிக் கவுண்டருக்கு மூன்று வாய்தா எடுக்க வேண்டியதில்லை. மரம் வெட்டமாட்டேன், ரப்பர் பால் வருமானத்துக்குக் கணக்கு வைப்பேன் என்று இரண்டாவது பிரதிவாதி உறுதிமொழி மெமோ கொடுத்தால் தடை மனுவை அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம். வாதிக்கு வேண்டியது மரம் நிற்பது. ஐ.ஏ.வில் ஜெயித்தாலும் அதற்குமேல் அவருக்கு எதுவும் கிடைக்காது.

மைனர் கார்டியன் மனு மூன்று வாய்தா எடுத்ததற்குக் காரணம் அது வழக்குரையோடு போடப்படவில்லை என்பதுதான். பிள்ளைகளின் தாயார் ஐந்தாவது பிரதிவாதியாகக் கட்டிலேயே இருக்கிறார். பிள்ளைகளின் நலனுக்கு எதிரான உரிமை அவருக்கு இல்லை என்று சொல்லும் அபிடவிட்டோடு முதல் நாளே கட்டளை 32-ல் மனு போட்டால் அவருக்குப் போகும் சம்மனோடு இந்த நோட்டீஸும் சேர்ந்து போகும். பிள்ளைகளின் பிறந்த தேதியையும், பதினெட்டு முடியும் தேதியையும் மேலட்டையில் எழுதுங்கள். நடுவில் மேஜர் ஆகி, அதை யாரும் பதியாமல் விட்டு, விசாரணை நாளில் எழும் ஆட்சேபம் மிகச் சாதாரணம்.

அவகாசம் கேட்பவரிடம் செலவுத்தொகை கேட்பதற்கும் இங்கே கூச்சம் அதிகம். ஒரே வளாகத்தில் நாளும் முகம் பார்க்கிறவர்கள், புரிகிறது. ஆனால் பிரிவு 35-ஆ, ஒரு நாளைய வேலையைச் செய்யாமல் தள்ளவைத்தவர் செலுத்த வேண்டிய செலவை அடுத்த வாய்தாவில் கட்டினால்தான் மேலே நடத்தலாம் என்ற நிபந்தனையாக்குகிறது. தொகை சிறிதானாலும் அந்த நிபந்தனைக்குப் பல் உண்டு. சும்மா ‘செலவுடன்’ என்று உத்தரவாகும் தொகையை யாரும் கட்டுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

மலையாளப் பிரமாணங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய பிரமாணங்கள் (சொத்துப் பத்திரங்கள்) பல மலையாளத்தில் இருக்கும். மூன்றாவது அயிட்டத்தின் ஆவணம் இன்றும் மலையாளத்தில்தான். மொழிபெயர்ப்பு இல்லாமல் போட்டால் ரிட்டர்ன் ஆகும். தவறான மொழிபெயர்ப்போடு போட்டால் அதைவிட மோசம். பிறகு திருத்த மனு, அதற்கு ஆட்சேபம்.

இரண்டு இடத்தில் எப்போதும் வழுக்குகிறது. ஒன்று தேதி. அந்தப் பத்திரங்களில் வரும் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு சிங்ங மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. சிங்ஙம் முதல் டிசம்பர் 31 வரை 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். 1112 துலாம் (ஐப்பசி) என்றால் 1936. 1112 மேடம் (சித்திரை) என்றால் 1937. எல்லாவற்றுக்கும் 825 கூட்டிப் போட்டால் ஒரு வருஷம் பிசகி, பதிவு ஆபீஸில் நகல் தேடும்போது ‘அப்படி ஆவணம் இல்லை’ என்று பதில் வரும். மற்றது சொல். ‘குழிக்கூர் சமயம்’ என்பது நிலத்தில் நட்டு வளர்த்த மரங்களையும் செய்த மேம்பாடுகளையும் குறிப்பது. தமிழ் எழுத்தில் ‘சமயம்’ என்று வந்ததும் அதைக் காலம் என்று பெயர்த்துவிட்டால், மரங்கள் யாருக்கு என்ற கேள்வியே காணாமல் போகும். நிலம் ஒருவருக்கும் மேம்பாடு இன்னொருவருக்குமாக எழுதப்பட்ட பழைய பிரமாணத்தில் இந்த ஒரு சொல் வழக்கையே மாற்றும்.

தேதியும் சொல்லும் சரியான பிறகு, மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் சேர்த்து எதிர்த்தரப்புக்குக் கட்டளை 12 விதி 2-ல் ஒப்புக்கொள்ளும் நோட்டீஸ் கொடுக்கலாம். ஏழு நாளுக்குள் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும். அண்ணன் தம்பி வழக்கில் தகப்பனார் வாங்கிய பிரமாணத்தைப் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்காவிட்டால் மொழிபெயர்த்தவரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு சாட்சி குறைந்தால் குறைந்தது மூன்று வாய்தா குறையும். இந்த விதியை ஏன் இத்தனை அபூர்வமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது விளங்காத விஷயம்.

கமிஷனர்

ஐந்து வாய்தா போனது இரண்டு வேலையை ஒரே மனுவில் கேட்டதால். எத்தனை மரம் நிற்கிறது, எத்தனை வெட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணுவது ஒரு வேலை. அதற்குச் சர்வேயர் வேண்டாம், ஒரு வாரத்தில் முடியும். நிலத்தை அளந்து எல்லை குறிப்பது இன்னொரு வேலை. பாகவழக்கில் அதன் இடம் பெரும்பாலும் முதனிலைத் தீர்ப்புக்கு, அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் தீர்ப்புக்கு, பிறகு. இரண்டையும் சேர்த்துக் கேட்டதால் மரம் எண்ணுவது தாலுகா சர்வேயரின் நாளுக்காகக் காத்துக் கிடந்தது.

அளப்பு என்று வரும்போது கமிஷனர் கையில் இருக்க வேண்டியவை: புலப்பட நகல், பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்குமான ஒப்பீடு, கேரளத்து அயிட்டத்துக்குத் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) எண்ணும் கரம் (நிலவரி) தீர்த்த ரசீதும். அந்த 40 சென்டை அளக்க இங்குள்ள சர்வேயர் போக முடியாது. நெய்யாற்றின்கரைத் தாசில்தாருக்குக் கோர்ட்டின் கடிதம் போகவேண்டும், அதை வாரண்டோடேயே கேட்டு வாங்க வேண்டும்.

மாதமும் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபர் நவம்பரிலும் கய்யாலை (விளையைச் சுற்றிய வரப்புச் சுவர்) சரிந்து, சேற்றில் எல்லைக்கல் தெரியாது. ரப்பர் இலை உதிர்க்கும் ஜனவரி பிப்ரவரியில் தோட்டத்துக்குள் ஒரு மூலையிலிருந்து மறு மூலை கண்ணுக்குத் தெரியும். அப்போது அரை நாள் அளப்பு, ஜூலையில் இரண்டு நாள் அளப்பும் ஒரு ஆட்சேபனை மனுவும்.

தாயார் இறந்தபோது

சட்டவாரிசு சேர்க்க 90 நாள், தவறினால் வழக்கு அற்றுப்போனதை நீக்க மேலும் 60 நாள் என்ற பயத்தில் தாமத மன்னிப்பு மனுவரை போய் மூன்று வாய்தா கழிந்தது. தேவையே இல்லாதது. தாயாரின் வாரிசுகள் எல்லோரும் ஏற்கெனவே கட்டில் இருக்கிறார்கள். இறப்புச் சான்றோடு அதைப் பதியச் சொல்லி ஒரு மெமோ போதும். கவனம் வேண்டியது பங்குக் கணக்கில்.

தகப்பனார் இறந்தபோது ஆறு பங்கு: தாயாருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் முன்பே இறந்த மகனின் கிளைக்கும் தலா 1/6. அந்தக் கிளைக்குள் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 1/18. தாயாரின் 1/6 இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 15-ன்படி மகன், மகள், இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் போகும், மருமகளுக்குப் போகாது. ஆகவே நான்கு பிள்ளைகளுக்கும் தலா 1/5, மைனர்கள் இருவருக்கும் தலா 13/180, ஐந்தாவது பிரதிவாதிக்குப் பழைய 1/18 மட்டும், அதாவது 10/180. கிளை மொத்தம் 36/180 என்று வந்தால் கணக்கு சரி. இதைப் போடாமல் கிளைக்கு 1/5 என்று மட்டும் எழுதிவிட்டால், மைனர் மேஜரான பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் புது வழக்கு. பங்கு மாறினால் வழக்கு முடங்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முதனிலைத் தீர்ப்பு இருக்கலாம் என்று பூல்சந்த் எதிர் கோபால்லால் வழக்கில் 1967-லேயே சொல்லியாயிற்று.

கோர்ட் பட்டியலின் பக்கம்

கட்சிக்காரரின் காகிதம் எல்லாம் தயாராக இருந்தும் விசாரணை தள்ளிப்போவதுண்டு. கணக்குப் போடுங்கள். ஐந்து மணி நேரம் என்பது 300 நிமிடம். கால் வொர்க்கில் (காலையில் வழக்குகளை அழைத்துத் தேதி போடும் வேலை) 60 வழக்கு, தலைக்கு 2 நிமிடம், 120 போயிற்று. மிச்சம் 180. பாகவழக்கில் ஒரு குறுக்கு விசாரணை 60 முதல் 90 நிமிடம். ஆக இரண்டு சாட்சி, மிஞ்சினால் மூன்று. அன்றைக்கு எட்டு வழக்கு விசாரணைக்குப் போட்டிருந்தால், காலையிலேயே ஐந்து வழக்கின் சாட்சிகள் வீணாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாம் முறை வந்து திரும்பிய சாட்சி மூன்றாம் முறை வரமாட்டார். பிறகு அவருக்கு சம்மன், அதற்கு பேட்டா.

யஷ்பால் ஜெயின் எதிர் சுசீலா தேவி வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களில் இது நேரடியாக இருக்கிறது: ஒரு நாளில் கையாளக் கூடிய அளவு வழக்குகளே பட்டியலாகும்படி நீதிபதி டைரி வைக்க வேண்டும், இரு தரப்பு வக்கீலையும் கலந்தே விசாரணைத் தேதி குறிக்க வேண்டும், குறித்தபின் கூடிய மட்டும் நாள்தோறும் நடத்த வேண்டும். கலந்து குறிப்பதற்கு வக்கீல்கள் பக்கத்திலிருந்து ஒரு கூட்டு மெமோ போனால் நீதிபதிக்கும் சுலபம். அதன் வாசகம் இவ்வளவு போதும்:

‘எழுவினா வரைவு இணைக்கப்பட்டுள்ளது. வாதியின் ப்ரூப் அபிடவிட் (எழுத்துமூல சாட்சியம்) நகல் விசாரணைக்கு ஏழு நாள் முன்பே எதிர்த்தரப்புக்குத் தரப்படும். வாதி தரப்பில் இரண்டு சாட்சி, பிரதிவாதி தரப்பில் இரண்டு சாட்சி. ஒவ்வொரு சாட்சிக்கும் குறுக்கு விசாரணை ஒரே அமர்வில் முடிக்கப்படும். நெய்யாற்றின்கரைச் சாட்சிக்கு மதியத்துக்குப் பிந்தைய நேரம் கோரப்படுகிறது. ஒப்புக்கொண்ட ஆவணங்களின் பட்டியல் தனியே.’

கடைசி வரிதான் உயிர். பட்டியல் இணைக்காத மெமோவால் ஒன்றும் நகராது.

திருத்திய நாட்காட்டி

இதே வழக்கை மறுபடி ஓட்டினால்: ஜனவரியில் வழக்குரை, அதோடு கார்டியன் மனு, மரம் எண்ணும் கமிஷனர் மனு, மூன்று வழியிலும் சம்மன் கேட்கும் மெமோ, மொழிபெயர்ப்புகள். பிப்ரவரியில் பேட்டா கட்டி எல்லைக்கு அப்பால் சம்மன். முதல் வாய்தாவில் ஊரில் உள்ளவர்கள் ஆஜர், கார்டியன் நியமனம், கமிஷனர் அறிக்கை, உறுதிமொழி மெமோ. இரண்டாம் வாய்தாவில் இரண்டாவது பிரதிவாதியின் எதிருரை, நாலாவது பிரதிவாதியின் ஆஜர். ஜூனில் ஷார்ஜாக்காரருக்கான சார்வு முடிவு. ஆகஸ்டில் எல்லா எதிருரையும், ஒப்புக்கொள்ளும் நோட்டீஸும். அக்டோபருக்குள் எழுவினா. வாய்தா எண்ணிக்கை எட்டு, ஒன்பது. நீதிபதி மாற்றலும் பணிப்புறக்கணிப்பும் இதில் இரண்டு மாதம் கூட்டலாம், அது யார் கையிலும் இல்லை. பிரிவு 89-ன்படி சமரச மையத்துக்குப் போகும் நாளையும் எழுவினாவுக்கு முன்பே இதற்குள் வைக்க வேண்டும். பாகவழக்கில் அது வீண் நாள் ஆவதில்லை.

முதனிலைத் தீர்ப்பு ஆனபிறகு கட்டு அடுக்கில் ஏறிவிடும் பழக்கம் ஒன்று இருந்தது. யாராவது இறுதித் தீர்ப்பு மனு போடும்வரை இறங்காது. கேரளத்திலிருந்து போன காட்டுக்கண்டி எடத்தில் கிருஷ்ணன் வழக்கில் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முதனிலைத் தீர்ப்பு தந்தவுடன் தனி மனு இல்லாமலே வழக்கை கட்டளை 20 விதி 18-ன் நடவடிக்கைக்குப் போடவேண்டும். ஆகவே முதனிலைத் தீர்ப்பு நாளிலேயே அடுத்த தேதியைக் கேட்டு வாங்கி, அளப்புக் கமிஷனரை ஜனவரிக்குக் குறிக்கச் சொல்லலாம்.

இறுதித் தீர்ப்பு வந்தபின்னும் முத்திரைத்தாள் பாக்கி இருக்கும். பாகத்தைச் செயல்படுத்தும் இறுதித் தீர்ப்பும் முத்திரைச் சட்டத்தின்படி பாகப்பத்திரமே. தாள் வாங்கிக் கொடுத்தால்தான் தீர்ப்பு அதில் எழுதப்படும், கேரளத்து 40 சென்டுக்கு வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்ய அந்த நகல் வேண்டும். ஏழு பேரில் யார் முதலில் பணம் போடுவது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் நிறைவேற்றும் மனுவுக்கான 12 ஆண்டு, தாள் கொடுத்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு நாளிலிருந்தே ஓடுகிறது என்று சிரஞ்சிலால் எதிர் ஹரிதாஸ் வழக்கில் 2005-ல் முடிவாகியிருக்கிறது. தாளுக்கான பணத்தைத் தீர்ப்பு நாளன்றே வாதி கட்டிவிட்டு, மற்றவர் பங்கைச் செலவுக் கணக்கில் கேட்பதுதான் நடக்கக்கூடிய வழி.